பழனாத்தாள் எடுத்த கை

ஏமாற்றியவள் நீ. உன் பேரை நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் அதையும் ஒரு கும்பிடாக எடுத்து வைத்துக்கொள்வாய், உன் புத்தி எனக்குத் தெரியும். கிழட்டு மாட்டின் கொம்பைச் சீவி எண்ணெய் தடவிக் கொண்டுவந்து நிறுத்துகிறவனைப் பார்த்திருக்கிறேன், உப்புத்தண்ணி குடிக்கவைத்து ஒட்டிய வயிற்றை உப்பவைக்கிறவனைப் பார்த்திருக்கிறேன், காலையில் கறக்காமல் விட்டுவிட்டு மடி பெருத்த மாடென்று பெற்ற பிள்ளை மேல் சத்தியம் செய்கிறவனோடு பக்கத்து இலையில் உட்கார்ந்து சோறு தின்றிருக்கிறேன். எல்லோரும் திருடர்கள்தான். ஆனாலும் அத்தனை பேரும் பேரம் என்று வந்தால் என் துண்டுக்குள் கையை விட்டார்கள். நீ விடவில்லை. ஒரு விரலைக்கூட நீட்டாமல் ஒருத்தியின் இரண்டு கைகளையும் எடுத்துக்கொண்டாய், கதவைச் சாத்திக்கொண்டாய், உள்ளே உட்கார்ந்துகொண்டாய்.

நான் செம்மலை. செங்காட்டுவலசில் மாட்டுத் தரகு செம்மலை என்று கேட்டால் வீட்டையும் காட்டுவார்கள், கூடவே நாலு வசவும் சொல்லி அனுப்புவார்கள். எனக்கு யாரும் தொழில் சொல்லித் தரவில்லை. சந்தையில் வண்டிக்கடியில் படுத்து, அடுத்தவன் மிச்சம் வைத்த கட்டுச்சோற்றைத் தின்று, அரத்தால் ராவிய பல்லை இளம்பல்லென்று நம்பி எருது வாங்கி ஊர் சிரிக்க நின்று, அறை வாங்கி அறை வாங்கித் தெரிந்துகொண்டதுதான் எல்லாம். எங்கள் தொழிலில் விலையை வாயால் சொல்வதில்லை. வாங்குகிறவன் கை மேலும் விற்கிறவன் கை மேலும் ஒரு துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவது. வெளியே வாய் மழையைப் பற்றியும் மகள் கல்யாணத்தைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்கும், உள்ளே விரல்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கும். துண்டுக்குள் கொடுத்த விரல் சத்தியம். அதற்குப் பிறகு மாட்டின் வால் அறுந்து விழுந்தாலும் பேச்சு மாறக் கூடாது.

உன்னிடமும் அப்படித்தான் இருந்தேன். மாடு நல்லபடி கன்று போட்டால் பொங்கல், வழக்கு நம் பக்கம் முடிந்தால் கிடாய், இடுப்பு வலி நின்றால் மணி. நீ கொடுத்தாய், நான் கொடுத்தேன். இரண்டு வியாபாரிகளுக்குள் இருந்த மரியாதை அது, இதில் உனக்கும் குறையில்லை, எனக்கும் குறையில்லை. அவளை எதற்கு இழுத்தாய்?

அவள் பழனாத்தாள், என் வீட்டுக்காரி. எனக்கு வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து என் கோபத்தை மழை மாதிரி எடுத்துக்கொண்டு, வந்தால் திண்ணையில் ஒதுங்கி நின்று, விட்டால் வேலையைப் பார்க்கப் போகிறவள். எங்களுக்குப் பிள்ளை தங்கவில்லை. அதனால் ஊரில் உள்ள கன்றுக்குட்டிகள் எல்லாம் அவள் கையை நக்கியே வளர்ந்தன. மடியில் கை வைத்தால் உதைக்கிற மாடுகூட அவள் கைக்கு நிற்கும். விற்க முடியாத முரட்டு மாட்டை நான் வாங்கிவந்து அவள் கையில் ஒரு மாதம் விடுவேன், பிறகு அது பசுவாகி நல்ல விலைக்குப் போகும். என் தொழிலில் பாதி அவள் கை. இதெல்லாம் உனக்குத் தெரியாதா? தெரிந்துதான் எடுத்தாயா?

அந்தப் பங்குனியில் வழக்கம்போல உன் கோயிலில் பூச்சாட்டி நோன்பைத் தொடங்கினோம். மூன்று கிளை உள்ள மரத்தை வெட்டிவந்து கம்பம் என்று உன் வாசலில் நட்டு, அதுதான் உன் புருசன் என்று பெண்கள் காலையில் எழுந்து ஈரத்துணியோடு மஞ்சள்தண்ணி ஊற்றினார்கள். பூச்சாட்டிவிட்டால், கம்பத்தைப் பிடுங்கி ஆற்றில் விடும்வரைக்கும் ஊருக்குள் எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது, குழம்பு தாளிக்கக் கூடாது, கல்யாணம் பேசக் கூடாது, வெளியூர் போனவன் இருட்டுவதற்குள் ஊர் திரும்பவேண்டும். கொஞ்ச நாளைக்குத்தானே என்று எல்லோரும் பொறுத்துக்கொள்வோம்.

மாவிளக்கு அன்றைக்குச் சாயங்காலம் பழனாத்தாள் தட்டில் மாவிளக்கை வைத்து எடுத்துப் போய் உன் வாசலில் இறக்கினாள். பூசாரிப் பண்டாரம் உள்ளே கற்பூரம் ஏற்றினார். திரை விலகப் போகிறது என்று மணி அடித்தது. எல்லோரும் கையெடுத்தார்கள், அவளும் எடுத்தாள். அப்போதுதான் உன் ஊர்ப் பெரிய மனிதர்களுக்கு அந்தச் சந்தேகம் வந்தது, கற்பூரத் தட்டு முதலில் யாருக்கு என்று. ஒரு வருசம் மேற்கு வீதி, ஒரு வருசம் கிழக்கு வீதி, அதுதான் முறை. ஆனால் போன வருசம் மேற்கு வீதிக்குத் தட்டு வரும்போது மழை அடித்துக் கற்பூரம் அணைந்துபோயிருந்தது.

“அணைஞ்ச தட்டு தட்டாகாதுங்க. அதனால இந்த வருசமும் எங்க முறைதான்” என்றார் மேற்கு வீதி நல்லசிவம்.

“அணைஞ்ச தட்டுல திருநீறு எடுத்து நெத்தி பூராப் பூசுனீங்கல்லோ? அப்ப அது என்ன, அடுப்புச் சாம்பலா?” என்றார் கிழக்கு வீதி அர்த்தநாரி.

பண்டாரம் எரிகிற தட்டோடு நடுவில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பினார். யாரோ தள்ளினார்கள். தட்டு விழுந்தது, விளக்குகள் விழுந்தன, மாவிளக்குகள் மிதிபட்டன, விலகாத திரையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். போலீஸ் வந்தது, மறுநாள் தாசில்தார் வந்தார், இரண்டு வீதியும் ஒன்றாக வந்து கையெழுத்துப் போட்டால் திறக்கிறேன் என்று சொல்லிச் சுற்றுமதில் கதவுக்கு அரக்கு வைத்துப் பூட்டிவிட்டுப் போனார். கம்பம் உள்ளேயே நின்றது. யாருக்கும் அப்போது அது உறைக்கவில்லை.

அந்தத் தள்ளுமுள்ளில் நான் பழனாத்தாளைத் தேடிப் போனபோது, எல்லோரும் ஓடிப்போன இடத்தில், நசுங்கின மாவுக்கு நடுவில், அவள் கையெடுத்தபடி நின்றிருந்தாள்.

“கையை இறக்கு, போலாம்” என்றேன்.

“இறங்க மாட்டீங்குதுங்க” என்றாள்.

வீட்டுக்குப் போனால் சரியாகிவிடும் என்றுதான் கூட்டிவந்தேன். விளக்கெண்ணெய் தடவினேன், வெந்நீர் ஊற்றினேன், கோபம் வந்து இரண்டு மணிக்கட்டையும் பிடித்து, வண்டி அச்சிலிருந்து சக்கரத்தைக் கழற்றுகிறவன் மாதிரி கால் ஊன்றி இழுத்தும் பார்த்தேன். அவளுக்கு வலிக்கவில்லை, எனக்குத்தான் தோள் பிசகியது. டவுன் ஆசுபத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் ஒரு காகிதத்தை எடுத்து அவள் உள்ளங்கைகளுக்கு நடுவில் மேலே விட்டார், அது கீழே வந்தது.

“ஒட்டலையேம்மா?”

“ஒட்டலீங்க.”

“அப்பப் பிரிங்க.”

“பிரியலீங்க.”

அவர் கொஞ்ச நேரம் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு எழுந்து நின்று, தான் எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல், பதிலுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டுச் சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

ஊருக்கு இது ஒரு வாரத்துக்குத்தான் அதிசயமாக இருந்தது. அதற்குப் பிறகு, குளம் வற்றினால் வேறு வழியாகத் தண்ணிக்குப் போகிற மாதிரி, ஊர் அவளைச் சுற்றிக்கொண்டு நடக்கப் பழகியது. தையல்காரர் மணியன் தானாகவே வந்து, இனி கை நுழைத்து ரவிக்கை போட முடியாது என்று யோசித்து, தோள் இரண்டிலும் கொக்கி வைத்துத் தைத்துக் கொடுத்தார். பக்கத்து வீட்டு லோகா குளிக்க ஊற்றவும் சேலை சுற்றவும் வந்தாள். சோறு ஊட்டுவது என் வேலை, தலை வாருவது என் வேலை. மாட்டு வாலைத் தவிர வேறெதையும் வாரி அறியாதவன் நான், முதல் நாள் அவள் கண்ணில் தண்ணி வரும்படி இழுத்தேன். “ஏனுங்க, என்னைச் சந்தைக்கா ஓட்டறீங்க?” என்றாள். பேருந்தில் நடத்துனர் அவளிடம் டிக்கெட் கேட்கக் கூசினார். நாய்கூட அவள் எதிரில் வந்தால் தனக்குத்தான் வணக்கம் வைக்கிறாள் என்று நினைத்துக் குரைக்காமல் வாலாட்டிக்கொண்டு போனது.

இதற்குள் ஊருக்கு இன்னொன்று உறைத்துவிட்டது. கம்பம் உள்ளே நிற்கிறது, ஆகையால் உன் நோன்பு முடியவில்லை. நோன்பு முடியாதவரை எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது. சித்திரை போனது, ஆடி போனது, ஐப்பசி மழையும் வந்து போனது, செங்காட்டுவலசு தாளிக்காத குழம்பையே தின்றுகொண்டிருந்தது. தீபாவளிக்கு முறுக்கு இல்லை. நிச்சயம் பண்ணின பெண்கள் பண்ணினபடியே இருந்தார்கள், மாப்பிள்ளைகள் வாசல் வரைக்கும் வந்து மோர் குடித்துவிட்டு இருட்டுவதற்குள் போனார்கள். பெண்கள் காலையில் எழுந்து பூட்டின கதவுக் கம்பி வழியாகவே உன் புருசனை நோக்கி மஞ்சள்தண்ணியை வீசினார்கள்; பாதி கம்பத்தில் பட்டது, பாதி அரக்கில் பட்டது. இரண்டு வீதியும் ஒருவரை ஒருவர் வைதுகொண்டு சப்பென்ற சோற்றை முழுங்கின. ஒன்றாகப் போய்க் கையெழுத்துப் போட்டால் முடிந்தது, ஆனால் முதலில் கூப்பிடுகிறவன் தோற்றவன்.

உன் கதவு பூட்டியிருந்தது, அவள் கை திறந்த வெளியில் இருந்தது. ஆகவே அவளிடம் வர ஆரம்பித்தார்கள். முதலில் வெட்கப்பட்டுக்கொண்டு, மாடு பார்க்க வந்த மாதிரி வந்தார்கள், பிறகு நேராகவே வந்தார்கள். மகன் பரீட்சை, மருமகள் வயிற்று வலி, கிணற்றில் தண்ணி, எல்லாவற்றையும் அவள் முன்னால் வந்து சொன்னார்கள். “நீதான் எந்நேரமும் கும்பிட்டுட்டே இருக்கறயே ஆத்தா, எங்களுக்கும் சேத்திக் கும்பிட்டுரு” என்றார்கள், சொல்லிவிட்டு அவரவர் வேலைக்குப் போனார்கள். நாளாக ஆக ஊரில் வேறு யாரும் கையெடுப்பதே நின்றுபோனது. வெள்ளிக்கிழமை விளக்கு வைக்க மறந்தவள், “பழனாத்தா கும்பிட்டுட்டுத்தானே இருக்குது” என்றாள். பிள்ளையாரைத் தாண்டிப் போகிறவன் தலையைக்கூடச் சாய்க்கவில்லை. ஊர் மொத்தமும் தன் கையை இறக்கி அவள் கை மேல் வைத்துவிட்டது. அந்தப் பாரத்தைத் தூக்கிக்கொண்டு அவள் எங்கள் மாட்டுக்கொட்டகையில் முளைக்குச்சி மாதிரி நின்றாள்.

எல்லோரும் வந்தார்கள், இரண்டு பேர் மட்டும் வரவில்லை. நல்லசிவமும் அர்த்தநாரியும் அவள் வருகிற வீதியைக் கண்டால் ஒதுங்கிப் போனார்கள். கும்பிட்டவருக்குப் பதில் கும்பிடு வைக்காமல் போகிறவன் எங்கள் பக்கத்தில் மனிதனில்லை. பதில் வருகிறவரை எடுத்தவர் கையை இறக்குவதும் இல்லை. ஆகவே அவளைப் பார்க்கிற போதெல்லாம் அந்த இரண்டு பேரும் கையெடுக்கவேண்டியிருந்தது, கையெடுத்தால் அந்தச் சாயங்காலம் ஞாபகம் வந்தது.

ஒரு நாள் பொழுது சாய்கிற நேரம். மாடுகளைப் பிடித்துக்கட்டிவிட்டு வந்தேன். கன்று ஒன்று அவள் விரல் நுனியை நக்கிக்கொண்டிருந்தது. அவளால் அதன் நெற்றியைத் தடவ முடியவில்லை, சேர்ந்த கைகளை அப்படியே அதன் முகத்தில் உரசினாள்.

“ஊரே எங்கிட்டப் பேசுது மாமா. எங்கூட ஒருத்தரும் பேசறதில்லீங்க” என்றாள். “லோகாகூட இப்ப ‘சாமி, தண்ணி ஊத்தட்டுங்களா’ங்கறா. வாய்க்கு வந்ததெல்லாம் பேசிட்டு இருந்தவ.”

எனக்குக் கோபம்தான் வந்தது. “அன்னைக்கு அப்படி என்னத்தைத்தான் கேட்டுத் தொலைச்சே அவகிட்ட? புள்ளையா? இல்ல எம்பட வாயை அடைக்கச் சொன்னயா? என்ன கேட்டேன்னு சொல்லு. அது வேண்டாம்னு திருப்பிக் கொடுத்துட்டுக் கையைக் கேட்டு வாங்கிக்கலாம். பேரம்னா முறிக்கறதுக்கும் ஒரு முறை இருக்குது.”

“நான் ஒண்ணும் கேக்கலீங்க.”

“பொய் சொல்லாதே.”

“நெசமாலுமுங்க.”

“ஒண்ணும் கேக்காம எதுக்குக் கும்பிட்டே?”

அவள் கன்றைப் பார்த்தபடியே சொன்னாள். “வருசம் பூரா எல்லாரும் போறாங்க, கேக்கறாங்க, வாங்கிட்டு வந்தர்றாங்க. நீங்களுந்தான். எனக்கு என்னமோ பாவமா இருந்துச்சுங்க. ஒருத்தராச்சும் சும்மா போயி, எப்படி இருக்கறேன்னு பாத்துட்டு வரலாமேன்னு போனேன். அவ்வளவுதானுங்க. அதுக்குள்ள தட்டு விழுந்துருச்சு. மூஞ்சியக்கூடப் பாக்கல.”

கேட்டாயா? வாங்காத சரக்கை எங்கே போய்த் திருப்பிக் கொடுப்பது? நான் துண்டை எடுத்து அவள் கை மேல் போட்டேன். உள்ளே கையை விட்டு அந்த விரல்களைப் பிடித்தேன். வாழ்நாளெல்லாம் எத்தனையோ கைகளைத் துண்டுக்குள் பிடித்திருக்கிறேன், வேர்க்கிற கை, நடுங்குகிற கை, பொய் சொல்கிற கை, பசித்த கை. எதையும் கேட்காத கையை அன்றைக்குத்தான் பிடித்தேன். அது என்ன சொல்கிறதென்று எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

“என்ன வெலைக்குங்க?” என்று சிரித்தாள். மாட்டுக்குத் தண்ணி காட்டப் போகிறேன் என்று எழுந்து போய்விட்டேன்.

முகத்தைப் பார்க்காததுதானே குறை, பார்க்க வைத்துவிட்டால் கை இறங்கிவிடும் என்று நினைத்தேன். தரகன் வேறெப்படி நினைப்பான்? நல்லசிவத்துக்கு உழவெருது ஒன்று வந்திருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன், அதே எருதை அர்த்தநாரிக்கும் சொல்லி அனுப்பினேன். இரண்டு பேரும் எங்கள் கொட்டகையில் முட்டிக்கொண்டார்கள். திரும்புவதற்குள் நல்லசிவத்தின் வலக்கையை ஒரு பக்கமும் அர்த்தநாரியின் வலக்கையை ஒரு பக்கமும் பிடித்து ஒரே துண்டுக்குள் திணித்து, மேலே என் கையால் இறுக்கிக்கொண்டேன்.

“ஏம்ப்பா செம்மலை, எருது எங்கே?” என்றார் நல்லசிவம்.

“எருது இல்லீங்க. ரெண்டு எருமைதான் இருக்குது, என் துண்டுக்குள்ள.”

“வாயைப் பாத்துப் பேசு” என்று அர்த்தநாரி கையை இழுத்தார். மாடு பிடிக்கிறவன் பிடி, இழுத்தால் வருமா?

அப்போது பழனாத்தாள் உள்ளேயிருந்து வந்து அவர்கள் முன்னால் நின்றாள். கைகள் எப்போதும் போல. இரண்டு பேருக்கும் உடம்பு துடித்தது. பதில் வணக்கம் வைக்கவேண்டும், வைக்க வேண்டிய கை துண்டுக்குள் கிடக்கிறது. ஒரு கையால் வணக்கம் வைக்கிற வழக்கம் யாருக்கும் இல்லை.

“விடுய்யா, ஒரு வணக்கம் வெச்சுக்கறேன்” என்றார் நல்லசிவம், குரல் உடைந்து.

“அந்தப் புள்ளை நிக்குது பாரு. விடு செம்மலை” என்றார் அர்த்தநாரி.

“தட்டுப் பேச்சைத் தீத்துட்டு வைங்க” என்றேன். “ஒரு வருசமா அவ வெச்சுட்டு நிக்கறா. நீங்க கொஞ்ச நேரம் வைக்காம நின்னா ஒண்ணும் கொறைஞ்சு போயிராது.”

துண்டுக்குள் அவர்கள் விரல்கள் முதலில் ஒதுங்கிக் கிடந்தன. பிறகு ஒன்றை ஒன்று தள்ளின. பிறகு, வாய் இரண்டும் மூடியிருக்க, ஒரு விரல் இன்னொரு விரலைத் தொட்டது. எனக்குத் தெரிந்தது. அணைந்த தட்டு யார் முறை என்ற பேச்சை விட்டுவிடுவது. திறக்கிற அன்றைக்கு முதல் தட்டு மேற்குக்கும் இல்லை, கிழக்குக்கும் இல்லை, பழனாத்தாளுக்கு. நான் கையை எடுத்தேன். இரண்டு பேரும் வெளியே எடுத்த கைகளைச் சேர்த்து அவளைக் கும்பிட்டார்கள். அர்த்தநாரி அழுதார். நல்லசிவம் அழவில்லை, மூக்கைச் சிந்தினார்.

இரண்டு வீதியும் ஒன்றாகப் போய்க் கையெழுத்துப் போட்டது, அரக்கை உடைத்தார்கள். கதவைத் திறந்தார்கள். பண்டாரம் வௌவால் எச்சத்தைக் கூட்டித் தள்ளினார். மாவிளக்கு திரும்ப வந்தது, மணி அடித்தது, கற்பூரம் ஏறியது, திரை விலகியது. பழனாத்தாள் முன்னால் நின்றாள். அவளுக்குப் பின்னால் ஊரே நின்றது. உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்கு உன்னை அவள் ஒருத்திதான் பார்த்தாள், மற்ற எல்லோரும் அவள் கையைத்தான் பார்த்தார்கள். நானும். இறங்கும் என்று பார்த்தோம். கற்பூரம் அடங்கியது. “இன்னொரு கட்டி வைங்க சாமி” என்று யாரோ சொன்னார்கள். வைத்தார். அதுவும் அடங்கியது. கடைசியில் தட்டை அவளிடம்தான் முதலில் கொண்டுவந்தார்கள். தீயை ஒற்றிக்கொள்ள அவளுக்குக் கை இல்லை. நான்தான் என் கையால் ஒற்றி அவள் கண்ணில் வைத்தேன். உன் முதல் மரியாதையை அவள் என் காய்ப்பு ஏறிய கையால் வாங்கினாள்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. கம்பத்தைப் பிடுங்கி மேளத்தோடு ஆற்றில் விட்டார்கள். அது போய் முடிவதற்குள் ஊரில் முதல் எண்ணெய்ச் சட்டி ஏறியது. கடுகு வெடிக்கிற சத்தம் மேற்கிலும் கிழக்கிலும் ஒன்றாகக் கேட்டது, கறிவேப்பிலை வாசம் வீதியில் நிற்க முடியாதபடி அடித்தது, தெரிந்தவர் தெரியாதவர் எல்லாம் பலகாரத் தட்டை நீட்டிக்கொண்டு நடந்தார்கள். தடைப்பட்ட கல்யாணங்கள் வரிசையாக வந்தன. உன் கதவு திறந்துவிட்டது, ஆகையால் கேட்க வேண்டியதை எல்லோரும் உன்னிடமே வந்து கேட்டார்கள். எங்கள் கொட்டகைக்கு ஒருவரும் வரவில்லை. லோகாவுக்கு மகள் கல்யாண வேலை. மணியன் அடுத்த ரவிக்கையைக் கை வைத்துத் தைத்துக் கொடுத்துவிட்டார், மறந்துபோய். நான்தான் தோளை வெட்டிக் கொக்கி வைத்தேன். கல்யாணப் பந்தியில் அவளுக்கு இலை போட்டார்கள், ஊட்டுவதற்கு ஆள் இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. தன்னிடம் வந்து குறை சொன்ன ஊருக்காக அவள் ஏங்கவில்லை. ஆனால் யாரும் வராத வாசலை அவள் பார்த்துக்கொண்டு நிற்பதை நான் பார்த்தேன். முன்பு அவளுக்குத் தனிமை கூட்டத்துக்கு நடுவில் இருந்தது, இப்போது கூட்டமும் போய்விட்டது.

“பாத்தியா அவளை?” என்று உன்னைப் பற்றிக் கேட்டேன், அவள் வாயில் சோற்றை வைத்துக்கொண்டே.

“பாத்தனுங்க. அவளுந்தான் பாத்தா.”

“அப்புறம் எதுக்குக் கை இறங்கல?”

மென்று முழுங்கிவிட்டுச் சொன்னாள். “கும்பிட்டுட்டு நிக்கறேன். ஒண்ணுஞ் செய்யத் தெரியாமப் பாத்துட்டே இருக்கறா மாமா. கோவிச்சுக்காதீங்க. அவளுக்கு யாரு சொல்லிக் கொடுத்திருப்பா? கேட்டாக் கொடுக்கத் தெரியும். சும்மா பாக்க வந்தவங்களை என்ன பண்றதுன்னு தெரியல போல. இத்தனை வருசத்துல ஒருத்தரும் போனதில்லையே.”

உன் மேல் இரக்கப்படுகிறாள். கேட்டுக்கொள். மூக்கு அரித்தால் கதவு நிலையில் உரசிக்கொள்கிறவள், உன் மேல் இரக்கப்படுகிறாள்.

எனக்கு இரக்கமெல்லாம் தெரியாது. அதனால்தான் இந்த உச்சி வெயிலில், பண்டாரம் சாப்பிடப் போயிருக்கிற நேரத்தில், திரையை நானே ஒதுக்கிவிட்டு உன் முன்னால் வந்து நிற்கிறேன். துண்டு இதோ தோளில்தான் கிடக்கிறது, இதை உன் முன்னால் விரிக்கப் போவதில்லை. நான் பேரம் பேச வரவில்லை, பொங்கலும் இல்லை, கிடாயும் இல்லை, மணியும் இல்லை. விற்றவனும் இல்லை, வாங்கினவனும் இல்லை, உனக்கும் எனக்கும் நடுவில் இப்போது ஒரு மாடுகூட நிற்கவில்லை. ஒரு மரியாதை பாக்கி நிற்கிறது, அவ்வளவுதான். ஆசுபத்திரி டாக்டர் அதைத் திருப்பி வைத்தார். ஜென்மப் பகையாளிகள் இரண்டு பேர் அழுதுகொண்டு திருப்பி வைத்தார்கள். வாலுள்ள நாய் வாலை ஆட்டியது. நீ ஒருத்திதான் நாலு கையை வைத்துக்கொண்டு, ஒன்றில் சூலம், ஒன்றில் உடுக்கை, ஒன்றில் பாசக்கயிறு, ஒன்றில் கபாலம் என்று, கை காலியில்லை என்கிற மாதிரி உட்கார்ந்திருக்கிறாய்.

தெரியாவிட்டால் நான் சொல்லித் தருகிறேன். சூலத்தை அந்தச் சுவரில் சாத்து. உடுக்கையைக் கீழே வை. கயிற்றை மடித்து மடியில் போட்டுக்கொள். கபாலத்தைக் கவிழ்த்து வை, யாரும் எடுத்துக்கொண்டு போய்விட மாட்டார்கள், நான் பார்த்துக்கொள்கிறேன். அவள் வாசலில் நிற்கிறாள், கம்பம் பிடுங்கின குழிக்குப் பக்கத்தில், வெயிலில், செருப்புக்கூட இல்லாமல். உன்னிடம் ஒன்றும் கேட்காமல், நீ எப்படி இருக்கிறாய் என்று பார்க்க வந்தவள். எழுந்திரு. வாசல் வரைக்கும் வா. கையைச் சேர்த்து அவளைக் கும்பிடு. அவள் கை இறங்கவேண்டும்.